தை வரைக்கும் தாங்கணும்

நவம்பர் 12

பெயிண்ட் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி வருஷம் பூரா கல்லாவுக்கு அடியில் சும்மா கிடந்தது. இன்றைக்கு எடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்ல முடியாததை எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய் டாக்டரைப் பார்த்தேன். ராஜபாளையத்தில் டாக்டருக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஆனால் இங்கே எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலும் நம்மிடம் பெயிண்ட் வாங்கினவன் ஒருவன் வந்து, "என்ன அண்ணாச்சி, உடம்புக்கு என்ன?" என்பான். இடுப்புக்குக் கீழே உள்ள சங்கதியை நடுரோட்டில் நின்று சொல்ல முடியுமா?

வலது தொடை இடுக்குக்கு மேலே ஒரு புடைப்பு. எலுமிச்சம்பழ அளவு. இருமினால் வெளியே வருகிறது, மல்லாந்து படுத்தால் உள்ளே போய்விடுகிறது. ஆடி மாதத்திலிருந்தே இருக்கிறது. முதலில் சூட்டுக் கட்டி என்று நினைத்து விளக்கெண்ணெய் தடவினேன்.

உள்ளே போனால் பொம்பளை டாக்டர். ஜெசிந்தா என்று பெயர். "ஆம்பளை டாக்டர் இல்லையாம்மா?" என்றேன்.

"கூச்சம் உங்களுக்குத்தான் சார், எனக்கில்ல. இருமுங்க."

இருமினேன். "ஹெர்னியா" என்றாள். எங்கள் பக்கம் இரணியா என்பார்கள், தமிழில் குடலிறக்கம். வயிற்றுச் சுவரில் ஒரு இடம் பலவீனமாகி, அந்த ஓட்டை வழியாகக் குடல் எட்டிப் பார்க்கிறதாம். ஆபரேஷன் செய்து வலை வைத்துத் தைக்க வேண்டுமாம். மாத்திரை, பெல்ட், கஷாயம் எதுவும் ஓட்டையை அடைக்காதாம்.

"தை முடிஞ்சு பண்ணிக்கலாமா?"

"தள்ளிப் போடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். வெயிட் தூக்குற வேலை ஏதும் இருக்கா?"

"இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

"திடீர்னு வெளியே வந்தது உள்ள போகாம நின்னுட்டா, வலியும் வாந்தியும் வந்தா, ஒரு நிமிஷம் யோசிக்காம வந்திரணும். குடல் ரத்த ஓட்டமில்லாம அழுகிடும். உயிர் சமாச்சாரம்."

பயமுறுத்தினால்தானே ஆபரேஷனுக்கு ஆள் வரும். சரிம்மா என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டே வந்தேன். ஏ.சி. பஸ்.

நவம்பர் 13

தை எதற்கு என்பதை எழுதிவிடுகிறேன்.

தங்கை தமயந்தியின் மகள் இந்துஜாவுக்குத் தை கடைசியில் கல்யாணம். எங்கள் வகையறாவில் மணப்பெண் தன் காலால் நடந்து மணவறைக்கு வரக்கூடாது. தாய்மாமன் அவளை இரண்டு கையிலும் ஏந்தி, அறையிலிருந்து தூக்கிவந்து, மணையில் உட்கார வைக்க வேண்டும். மேளம் உச்சத்தில் அடிப்பான், குலவை போடுவார்கள், மண்டபமே எழுந்து நிற்கும். அது மாமனின் முறை. பணம் கொடுத்து வாங்குகிற மரியாதை இல்லை.

இந்துஜாவுக்கு ஒரே மாமன் நான். அவளுக்குக் காது குத்தியது என் மடியில். வயசுக்கு வந்த சடங்குக்குத் தென்னங்கீற்றில் குச்சு கட்டியது என் கை. மச்சான் செத்தபோது அவளுக்குப் பதினொரு வயசு. சுடுகாட்டுக்கு என் பின்னாலேயே ஓடிவந்தவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். இந்த ஒரு தூக்கலை மட்டும் விட்டுக் கொடுக்கச் சொன்னால் எப்படி?

பாத்திரக்கடை சண்முகவேலுக்கு இதே ஆபரேஷன் நடந்தது. அதற்கப்புறம் அவன் ஒரு குடம் தண்ணீர் தூக்கி நான் பார்த்ததில்லை. கேட்டால், "ஆபரேஷன் ஆனவன்பா நான்" என்பான். ஆக, இப்போது பண்ணினால் தையில் தூக்க முடியாது. தூக்கிவிட்டுப் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான். கணக்கு சரியாக இருக்கிறது.

நவம்பர் 19

மதுரைக்குப் போய் பெல்ட் வாங்கினேன். கடைக்காரப் பையன் சத்தமாக, "ரைட் சைடா லெஃப்ட் சைடா சார்?" என்று கேட்டான். அங்கே நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "சத்தமா கேளுடா, வைகைக்கு அக்கரையிலயும் கேக்கட்டும்" என்றேன்.

வேட்டிக்குள் கட்டினால் தெரியவில்லை. கொஞ்சம் தைரியம் வந்தது.

நவம்பர் 24

நிச்சயதார்த்தம். பெல்ட்டையும் மீறிப் புடைப்பு வெளியே வந்து வந்து போனது. பந்தியில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல், "நான் அப்புறம் சாப்பிடுறேன்" என்று கடைசிவரை நின்றுகொண்டே இருந்தேன். பொறுப்பான ஆள் என்று சம்பந்தி வீட்டில் பாராட்டினார்களாம்.

சித்தப்பா மகன் தங்கமாரி வந்திருந்தான். முப்பத்தைந்து வயசு, ஜிம்முக்குப் போகிறவன், சட்டை கையைக் கிழித்துக்கொண்டு நிற்கிற புஜம். எல்லார் முன்னாலும், "அண்ணே, முடியலைன்னா சொல்லுங்க, நானும் மாமன் முறைதான்" என்றான்.

"உன்னையும் சேர்த்துத் தூக்குவேன், வர்றியா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்பது வீட்டுக்கு வந்து படுத்தபோதுதான் உறைத்தது.

இந்துஜா ஒரு வடைகூடத் தொடவில்லை. போட்டோவில் ஒல்லியாகத் தெரியணுமாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே போட்டோதான்.

நவம்பர் 30

போனில் வயிற்றுத் தசையைப் பலப்படுத்தும் உடற்பயிற்சி பார்த்தேன். ஒரு தடியன் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையைத் தூக்கித் தூக்கி எழுந்திருக்கிறான். சுவர் பலவீனம் என்றால் சுவரைப் பலப்படுத்த வேண்டியதுதானே. சிமெண்ட் பூச்சு உரிந்தால் பட்டி பார்த்துப் பூசுவதில்லையா? இது தெரியாமலா இத்தனை வருஷம் பெயிண்ட் விற்கிறேன்.

குடோனில் அட்டைப்பெட்டியை விரித்துத் தினமும் காலையில் செய்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் நன்றாக எழ முடிகிறது.

டிசம்பர் 7

எலுமிச்சை இப்போது சாத்துக்குடி. உடற்பயிற்சியால் வந்த வீக்கமாக இருக்கும். சதை வைக்கும்போது அப்படித்தான் இருக்குமாம்.

டிசம்பர் 11

செண்பகம் கேட்டாள்: "என்ன எப்பப் பார்த்தாலும் பாக்கெட்டுக்குள்ளயே கை?"

"குளிருது."

"ராஜபாளையத்துலயா?"

இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆபரேஷன் என்பாள். நான் முடியாது என்பேன். அவள் தமயந்தியிடம் சொல்வாள். தமயந்தி அழுவாள். இந்துஜா "தங்கமாரி மாமாவே தூக்கட்டும்" என்பாள். அப்புறம் நான் எதற்கு மண்டபத்துக்குப் போவது? சந்தனம் கொடுக்கவா?

டிசம்பர் 15

பெல்ட்டைத் துவைத்து மொட்டைமாடியில் துண்டுக்கு அடியில் காயப்போட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் துண்டு மடித்து வைத்திருக்கிறது, பெல்ட் நிழலில் தனியாகக் காய்கிறது.  செண்பகம் காலையிலிருந்து தென்காசியில் பத்திரிகை வைக்கப் போயிருந்தாள். வீட்டுக்கு வந்திருந்த இந்துஜா மட்டும்தான் வடகம் எடுக்க மாடிக்குப் போயிருந்தாள். அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும். இடுப்பு பெல்ட் என்று நினைத்திருப்பாள்.

மத்தியானம் சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் ஒரு கரண்டி சோறு.

"ஏ கழுத, இன்னொரு கரண்டி போட்டுக்கோ" என்றேன்.

"போதும் மாமா. பசிக்கல."

டிசம்பர் 22

கடையில் தும்மல். தும்மலை யாராவது நிறுத்த முடியுமா? இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக் குனிந்துகொண்டு தும்மினேன். கஸ்டமர் ஒருவர், "அண்ணாச்சி, கும்பிடுற மாதிரி தும்முறீங்களே" என்றார்.

முன்பெல்லாம் படுத்தால் தானாக உள்ளே போகும். இப்போது கையால் தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளினால் போய்விடுகிறது. ஒன்றும் பயமில்லை.

ஜனவரி 1

புது டைரி. கம்பெனிக்காரன் இந்த வருஷம் சின்னதாகக் கொடுத்துவிட்டான். வியாபாரம் குறைந்துவிட்டதாம்.

கோயிலில் ஒரே ஒரு வேண்டுதல்தான். தை வரைக்கும் தாங்கணும். அப்புறம் என்ன ஆனாலும் சரி.

ஜனவரி 9

முகூர்த்தப் பட்டு எடுக்கப் போனோம். ஜவுளிக்கடை மாடிப்படியில் இரண்டு தடவை நின்றேன். "வயசாகுதுல்ல" என்றாள் செண்பகம். எரிந்து விழுந்தேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. 

தமயந்தியின் மாமியாரான எங்கள் பெரியத்தை சேலையை இந்துஜா மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னடி இது, எலும்பும் தோலுமா? மாப்பிள்ளை வீட்டுல பொண்ணுக்குச் சோறு போடலையான்னு கேட்பாங்க" என்றாள். உண்மைதான், கன்னம் ஒட்டிப்போய்விட்டது. தமயந்தி அழுதுகொண்டே சொன்னாள், மகள் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டாளாம், ரேஷன் கடைத் தராசில் போய் எடை பார்க்கிறாளாம்.

நான் இந்துஜாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கத்தினேன். "போட்டோவுக்காகவா சாகப் போற? அறிவிருக்கா?" என்றேன். அவள், "நீங்க நல்லா இருக்கீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறேன் என்றேன்.

ஜனவரி 16

பொங்கல் எல்லாம் முடிந்தது. கரும்பு கடிக்கவில்லை. கடித்தால் அடிவயிற்றில் இழுக்கிறது.

ஜனவரி 24

பெரியத்தை சொல்லிவிட்டாள்: "கல்யாணத்துக்கு முந்தி ஒருதடவை தூக்கிப் பாரு. மண்டபத்துல தடுமாறிட்டா சகுனம் சரியில்லைன்னு பேசுவாங்க. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?"

இந்துஜா குறுக்கே விழுந்து, "அதெல்லாம் ஒண்ணும் வேணாம் அப்பத்தா. மாமா நேரா அன்னைக்கே தூக்கட்டும். நான் இப்ப ரொம்ப லேசுதான்" என்றாள்.

தப்பித்தேன். ஆனால் மனசுக்குள் பெரியத்தை சொன்னதே ஓடுகிறது. தடுமாறினால்? கையில் பெண்ணோடு விழுந்தால்?

ஜனவரி 29

காலையில் குடோனில் ஒத்திகை பார்த்தேன். இருபது லிட்டர் பிரைமர் வாளி இரண்டு, கைக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்தால் இந்துஜாவைவிடக் கனமாகத்தான் இருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். நாலு எட்டு நடந்தேன். உள்ளே ஏதோ நழுவிய மாதிரி இருந்தது.

வெளியே வந்தது உள்ளே போகவில்லை. படுத்துப் பார்த்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்துத் தள்ளினால் போகும்.

ஜனவரி 29, மத்தியானம்

போகவில்லை. கல் மாதிரி இருக்கிறது. தொட முடியவில்லை.

வாந்தி ஒரு தடவை. நேற்றைய கத்திரிக்காய்க் கூட்டு சரியில்லை.

டாக்டர் சொன்னது ஞாபகம் வருகிறது. வரக்கூடாது. இன்னும் பத்து நாள்தான். ஆண்டவா, பத்தே நாள்.

பிப்ரவரி 1

உயிரோடு இருக்கிறேன்.

நடந்ததை எழுதுகிறேன். அன்றைக்குக் குடோனில் மூட்டையில் சாய்ந்து சுருண்டு கிடந்தேன். ஜாக்கெட் அளவு கொடுக்க டெய்லர் கடைக்குப் போன இந்துஜா, வழியில் எனக்கு மோர் கொடுக்கக் கடைக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் "என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை. பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, "உள்ள போகலையா மாமா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலியைவிட அந்தக் கேள்விதான் பெரிதாக இருந்தது.

"உனக்கு எப்படிடி..."

"பேசாதீங்க. எந்திரிக்காதீங்க." கடைப் பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். ஆட்டோ வேண்டாம், குலுங்கும் என்று கார் பிடித்தாள். போனில் செண்பகத்திடம் மூன்றே வார்த்தை பேசினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் பெயரை நான் சொல்ல, அங்கே போய்ச் சேரும் வரைக்கும் என் தலை அவள் மடியில் இருந்தது. "பயமா இருக்கு தாயி" என்று சொல்லிவிட்டேன். ஐம்பத்திரண்டு வயசில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். "எனக்கும்தான் மாமா" என்றாள்.

அப்படியே ஆபரேஷன் தியேட்டர். குடல் கறுக்க ஆரம்பித்திருந்ததாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்துக் காத்திருந்தார்களாம். மெதுவாக நிறம் திரும்பி வந்ததாம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் வெட்டி எடுத்திருப்போம் என்றார் டாக்டர் ஜெசிந்தா. இனிமேல் அவரை அவள், இவள் என்று எழுத மாட்டேன்.

பிப்ரவரி 2

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். தலையணையைத் தையல் மேல் வைத்து அமுக்கிக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தார். நான் கல்யாணக் கதையையும், தூக்கும் முறையையும், குடோன் உடற்பயிற்சியையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா உள்ள இருக்கிற அழுத்தம் முழுக்க அந்த ஓட்டையிலதானே போய் முட்டும்? நீங்களே தினமும் தள்ளித் தள்ளிப் பெருசாக்கியிருக்கீங்க."

"தை வரைக்கும் தாங்கினா போதும்னு நினைச்சேன் டாக்டர்."

"நவம்பர்லயே இதைச் சொல்லியிருக்கலாமே சார். அப்பவே ஆபரேஷன் பண்ணியிருந்தா, நடந்து, மெதுவா பழகி, இந்நேரம் பொண்ணைத் தாராளமா தூக்கியிருப்பீங்க."

"ஆபரேஷன் பண்ணினா வாழ்க்கை முழுக்க எதையும் தூக்கக்கூடாதே?"

"யார் சொன்னது?"

பாத்திரக்கடை சண்முகவேல் என்று எப்படிச் சொல்வது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. தூக்க வேண்டும் என்பதற்காகவே தள்ளிப் போட்டேன். தள்ளிப் போட்டதால்தான் தூக்க முடியாமல் போனது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்க வெட்கம்.

பிப்ரவரி 3

செண்பகம் டிபன் கேரியரில் எனக்குக் கஞ்சியும், துணைக்கு இருந்த இந்துஜாவுக்குத் தோசையும் கொண்டுவந்தாள். இந்துஜா கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. சட்னி கையில் வழிய வழியச் சாப்பிட்டாள். செண்பகம் இன்னும் வாங்கிவர கேன்டீனுக்குப் போனாள்.

"என்ன கழுத, போட்டோ என்ன ஆச்சு?" என்றேன்.

"போட்டோவெல்லாம் நிச்சயதார்த்தத்தோட போச்சு." வாயில் தோசையோடு சொன்னாள். "மாடியில பெல்ட்டைப் பார்த்தேன். போன்ல தேடினேன். கனம் தூக்கக்கூடாதுன்னு போட்டிருந்துச்சு. சொன்னா நீங்க கேப்பீங்களா? ஒத்துக்கிடவே மாட்டீங்க. அதான், நானாவது கனம் குறைவா இருப்போம்னு பார்த்தேன். இனிமே எதுக்கு மாமா பட்டினி?"

 நான் அவளிடம் கத்தியதும், அறிவிருக்கா என்று கேட்டதும் காதுக்குள் சுற்றின. அழுகை வந்தது. அழுதால் தையல் இழுக்கும். தலையணையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள், அழுதுகொண்டே நாலாவது தோசையைச் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 5

வீட்டுக்கு வந்துவிட்டேன். மெதுவாக நடக்கலாம். ஒரு சொம்பு தண்ணீருக்கு மேல் தூக்கக்கூடாது. எழுந்திருக்கும்போது ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும். செண்பகம் பக்கத்தில் நின்று, "மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க" என்று அதட்டுகிறாள். என்னிடம் கோபமாகத்தான் இருக்கிறாள். "என்கிட்ட சொல்லத் தோணலைல்ல?" என்று காலையில் கேட்டாள். தப்புதான் என்றேன். 

ஊருக்கே தெரிந்துவிட்டது. சண்முகவேல் பார்க்க வந்தான். "டாக்டர் ரெண்டு மாசம்தான் சொன்னாருப்பா. நான்தான் அப்படியே இருந்துட்டேன், வீட்ல தண்ணி எடுக்கச் சொல்றதில்லை பாரு" என்றான். அடிக்கக் கையில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் தூக்கக்கூடாது.

பிப்ரவரி 7

தங்கமாரியை நானே வரச் சொன்னேன். "நாளைக்கு நீ தூக்குப்பா. பத்திரமா தூக்கு" என்றேன்.  அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். இவன் மேல் எதற்கு எனக்கு இத்தனை நாள் பொறாமை என்று தெரியவில்லை. நல்ல பையன்தான்.

பிப்ரவரி 8

கல்யாணம் முடிந்தது. மறுவீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் நானும் செண்பகமும் மட்டும்.

காலையில் மண்டபத்தில் முன்வரிசையில், மடியில் தலையணையோடு உட்கார்ந்திருந்தேன். "பொண்ணை அழைச்சிட்டு வாங்கோ" என்றார் ஐயர். மேளம் உச்சத்துக்குப் போனது. தங்கமாரி வேட்டியை இறுக்கிக்கொண்டு அறைக்குள் போனான். போனவன் அதே வேகத்தில் தனியாகத் திரும்பி வந்து, "அண்ணே, உங்களைத்தான் கூப்பிடுது" என்றான்.

செண்பகம் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். இந்துஜா பட்டுச்சேலையில் நின்றுகொண்டிருந்தாள். பெரியத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"கால் தரையில படக்கூடாதுடி. நம்ம வழக்கம் என்ன?"

"மாமன்தான் கூட்டிட்டு வரணும். அதானே வழக்கம் அப்பத்தா? மாமா வந்தா வர்றேன். இல்லைன்னா இங்கயே இருக்கேன், மாப்பிள்ளையை இங்க வரச் சொல்லுங்க."

"தாயி, என்னால முடியாது" என்றேன்.

"தெரியும் மாமா. என் மேல சாஞ்சுக்கங்க."

என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். மாலையும் பூவும் நசுங்கின, அவள் கண்டுகொள்ளவில்லை. நான் எட்டு வைத்தால் அவள் எட்டு வைத்தாள். நான் நின்றால் நின்றாள். மூச்சு விடுங்க மாமா என்று காதோரம் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் என் கால் தளர்ந்தது. என் பாரம் முழுக்க அவள் தோளில்தான். அசையவில்லை கழுதை.

மண்டபமே எழுந்து நின்றது. குலவை போட்டார்கள். கூட்டத்தில் யாரோ, "அடடே, பொண்ணுல்ல மாமனைத் தூக்கிட்டு வருது!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

வேறொரு நாளாக இருந்தால் அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருப்பேன். இன்றைக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது உண்மைதான்.